பொருள்: உதைக்கு முன் மடக்கித் தூக்கும் காலுக்கு ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

கராத்தே உதைகளைத் தமிழில் விளக்கும் பயிற்சிக் குறிப்பு ஒன்றை எழுதி வருகிறேன். ஒரே ஒரு சொல் கிடைக்காமல் இரண்டு வாரமாக அதே பக்கத்தில் நிற்கிறேன். உதைப்பதற்கு முன் முழங்காலை மடக்கி, குதிகாலைப் பின்தொடையோடு ஒட்டி, தொடையை மேலே கொண்டுவருகிறோம் அல்லவா, அந்த நிலைக்கான சொல். பயிற்சிக்கூடத்தில் இதைச் 'சேம்பர்' என்கிறோம். ஜப்பானிய மொழியில் 'ககாயெகோமி'. கைகளால் அணைத்துக்கொள்வது என்ற பொருளில் வரும் சொல்.

சேம்பர் என்றால் தமிழில் நமக்கு அறைதான் நினைவுக்கு வரும். புதிதாகச் சேர்ந்தவரிடம் "சேம்பரை உயர்த்து" என்றால் அவர் பாதத்தைத் தூக்குகிறார். உதை கெட்டுப்போவது அங்கேதான். உதை எவ்வளவு உயரம் போகும் என்பதை முடிவு செய்வது முழங்கால். முன்னுதையான மாயே கெரியில் முழங்கால் இடுப்பளவிலேயே நின்றுவிட்டால், பாதம் கீழிருந்து மேலே உரசிக்கொண்டு போகுமே தவிர எதிராளியின் உடலுக்குள் ஊன்றி இறங்காது. முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டால் காலை நீட்டுவது மட்டுமே மிச்சம்.

இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். மல்லாந்து படுத்து, காலை நீட்டியபடியே கையால் பிடிக்காமல் தூக்குங்கள். பின்தொடையில் ஓர் இழுப்பு வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். இப்போது முழங்காலை மடக்கித் தூக்குங்கள். தொடை வயிற்றுப் பக்கம் எளிதாக வந்துவிடும். பின்தொடைத் தசைகளில் பெரும்பாலானவை இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு இரண்டையும் தாண்டிப் போகின்றன. முழங்கால் மடங்கினால் அவை தளர்ந்து கொடுக்கும். போதாததற்கு, நீட்டிய காலைவிட மடக்கிய காலைத் தூக்க இடுப்புக்குக் குறைந்த பலமே தேவை. ஆகவே மடக்குவதும் உயர்த்துவதும் ஒரே சொல்லுக்குள் வர வேண்டும் என்பது என் எண்ணம்.

தெரிந்த நண்பர்களிடம் கேட்டதில் இரண்டு சொற்கள் கிடைத்தன. 'முழங்கால் உயர்த்தல்' ஒன்று. அது வேறொரு உடற்பயிற்சியின் பெயர், குதிகால் ஒட்டியிருப்பதையும் சொல்லவில்லை. மற்றது 'மடிநிலை'. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 'நிலை' என்றதும் மாணவர் அங்கேயே நின்றுவிடுவார். இது கடந்து போகும் இடம், நிற்கும் இடமல்ல.

நான் முன்வைப்பது 'மடக்கேற்றம்'. வினையாக 'மடக்கேற்று'. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்.

*

மறுமொழி

ஐயா, வணக்கம்.

விளக்கம் மிகவும் பிடித்தது. சொல்லில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளைகளுக்குக் கற்றுத்தருபவள் என்ற முறையில் சொல்கிறேன். உதையை நாங்கள் நான்கு எண்ணிக்கையாகப் பிரித்துச் சொல்லித் தருவோம்: முழங்காலைத் தூக்கு, உதை, திரும்ப இழு, காலை வை. ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுக் கத்த ஒரு சின்னச் சொல் வேண்டும். "மடக்கேற்று!" என்று கத்தி முடிப்பதற்குள் பிள்ளை உதைத்துவிடும்.

ஜப்பானியச் சொல்லே அணைப்பைத்தானே சொல்கிறது? அப்படியானால் 'அணை' என்றே வைக்கலாமே. பெயராக 'அணைகால்'. இதோடு இன்னும் மூன்று வரும். உதைக்கும் கால் உதைகால். திரும்ப இழுக்கும் காலை ஜப்பானிய மொழியில் ஹிகி அஷி என்பார்கள், அது மீள்கால். தரையில் நிற்கும் ஜிகு அஷி ஊன்றுகால். நான்கும் வினைத்தொகை, பார்க்க ஒரே குடும்பமாக இருக்கும். ஊன்றுகால் ஏற்கெனவே முட்டுக்கால் என்ற பொருளில் புழங்கும் சொல் என்பதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. உயரத்தையும் அந்தச் சொல்லே ஏன் சுமக்க வேண்டும்? கராத்தேயில் ஜோடான், சூடான், கெடான் என்று மேல், நடு, கீழ் மூன்றும் தனியாகவே இருக்கின்றன. அடைமொழி சுமக்கட்டும்.

*

மறுமொழி

அம்மா, மிக்க நன்றி. கடைசிப் பத்தியைப் படித்ததும் என் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. உயரத்தைச் சொல்லுக்குள்ளேயே திணிக்கப் பார்த்ததால்தான் அது அவ்வளவு நீண்டது. 'மடக்கேற்ற'த்தை விட்டுவிடுகிறேன்.

'அணை' பற்றி ஒரு தயக்கம். விளக்கை அணைப்பதோ நீர்த்தேக்கமோ அல்ல, அந்தக் குழப்பம் இடம் பார்த்துத் தீர்ந்துவிடும். மாயே கெரியில் தொடை நெஞ்சை நோக்கி வருவதால் அணைப்பு பொருந்துகிறது. பக்க உதையான யோகோ கெரியிலும் முழங்காலை முன்னால் தூக்கித் தொடங்குவோர் உண்டு, அங்கும் சரி. பக்கவாட்டிலிருந்து சுற்றி வரும் உதையான மவாஷி கெரியில்தான் இடிக்கிறது. அதில் தொடை பக்கவாட்டில் ஏறுகிறது, நெஞ்சோடு எதையும் அணைப்பதில்லை. "அணை" என்று கேட்ட மாணவர் முழங்காலை முன்னால் கொண்டுவந்து, பிறகு பக்கத்துக்குத் திருப்பி, தேவையில்லாமல் ஒரு கணத்தை இழப்பார். உலகக் கராத்தே கூட்டமைப்பின் போட்டி விதிப்படி கையால் குத்தினால் 1 புள்ளி, நடுவுடல் உதைக்கு 2, தலையுயர உதைக்கு 3. அந்த மூன்றுக்காகப் பெரும்பாலும் முயல்வது மவாஷியைத்தான், அதனால் அதை விட்டுவிட்டுச் சொல் ஆக்க மனம் வரவில்லை.

மூன்று உதைக்கும் பொதுவானது மடிப்பு. ஆகவே உங்கள் வாய்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டு, முதல் சொல்லை மட்டும் மாற்றுகிறேன்: மடிகால், உதைகால், மீள்கால், ஊன்றுகால். கட்டளையாக: மடக்கு, உதை, மீட்டு, ஊன்று. 'மடி' என்று கத்த முடியாது, அதற்குச் சாவு என்ற பொருளும் உண்டு. 'மடக்கு' என்றால் கை தானாகக் காலைக் காட்டும்.

குறிப்பில் இப்படி எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள்:

"மடிகாலை உதைக்க வேண்டிய உயரத்துக்கு முதலில் கொண்டுவா. சுவரில் ஒரு கையை ஊன்றி, மேல் மடிகாலில் பத்து எண்ணும்வரை நில். பிறகு மெதுவாக நீட்டு, மெதுவாக மீட்டு. தரையில் கால்களை அகல விரித்து உட்கார முடிவதால் மட்டும் உதை உயராது. காலை அங்கே தானாகத் தூக்கி நிறுத்தும் பலம் இடுப்பில் வேண்டும். பயிற்சிக்கு முன் காலை வீசி உடலைச் சூடாக்கு, நெடுநேரம் இழுத்துப் பிடிக்கும் நீட்சியைக் கடைசிக்கு வை. இடுப்பின் முன்பக்கம் சுருக்கென்று குத்தினால் அன்றைக்கு அந்த உயரம் வேண்டாம்."

'பத்து எண்ணும்வரை நில்' என்று நானே எழுதிவிட்டதைக் கவனித்தேன். மடிநிலை என்ற சொல்லை எந்தக் காரணத்தால் தள்ளினேனோ, அது இந்தப் பயிற்சிக்குப் பொருந்தாது. அப்படி நிறுத்திப் பழகும் பயிற்சிக்கு மட்டும் 'மடிநிலை' இருக்கட்டும்.

ஊன்றுகால் பற்றி இன்னும் ஒன்று மிச்சம். மவாஷியில் ஊன்றுகாலின் குதிகால் எதிராளியை நோக்கித் திரும்பாவிட்டால் இடுப்பு திறக்காது. தொடையெலும்பின் மேல்முனை இடுப்புக்குழியின் விளிம்பில் முட்டிக்கொண்டு காலை அதற்கு மேல் விடாது. நெகிழ்வு குறைவு என்று பலர் வருந்துவது பாதி நேரம் இதுதான். முன்பாதத்தில் அப்படித் திரும்புவதற்குச் 'சுழற்சி' என்றால் உடம்பே சுற்றுவதாகத் தோன்றுகிறது. 'குதிதிருப்பு' என்று நினைத்திருக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே உங்கள் பிள்ளைகள் எதைக் கேட்டால் சரியாகத் திரும்புகிறார்கள் என்று எழுதுங்கள்.