தடுப்பூசிக்குப் பின் வலிப்பு: இழப்பீடு கேட்க வழி என்ன?

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட கடலோரக் கிராமத்தில் வசிக்கிறோம். 2024 மார்ச்சில், பதினாறு மாதமான என் மகளுக்கு அரசு சுகாதார நிலையத்தில் முத்தடுப்பு ஊக்க ஊசி போடப்பட்ட அன்றிரவே கடும் காய்ச்சலுடன் வலிப்பு வந்தது. இன்றுவரை அது அடிக்கடி வருகிறது, பேச்சும் வரவில்லை. ஊசிதான் காரணம் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். இளையவனுக்கு மருத்துவரின் ஆலோசனைப்படி எல்லா ஊசிகளையும் போட்டு வருகிறோம். எங்களுக்கு வேண்டியது மகளின் சிகிச்சைச் செலவுக்கு ஒரு வழி.

தடுப்பூசி அட்டையும், மதுரையில் எடுத்த மூளை ஸ்கேன், இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) அறிக்கைகளும் கைவசம் உள்ளன. பாதிப்பு குறித்த விசாரணை அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு, 30 நாள் கடந்தும் பதில் வராததால் முதல் மேல்முறையீடு செய்துள்ளேன். கட்டணமின்றிப் போடப்பட்ட ஊசி என்பதால் நுகர்வோர் ஆணையம் ஏற்காது என்று, 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி வழக்கறிஞர் ஒருவர் கூறிவிட்டார்.

இந்நிலையில், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியுடன் உரிமையியல் வழக்குத் தொடுப்பதா, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு (அரசுக்கு உத்தரவிடக் கோரும் மனு) தாக்கல் செய்வதா, எது சரியான வழி?