எம்ஆர்ஐ, சிடி படங்களைப் பொருத்தும் நிரலை வேகமாக்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஒரே நோயாளியின் மூளை எம்ஆர்ஐயையும் சிடியையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் நிரலை கூடாவில் (CUDA, என்விடியாவின் ஜிபியு நிரலாக்கத் தளம்) எழுதி வருகிறேன். எலும்பு சிடியில் பளிச்சென்றும் எம்ஆர்ஐயில் இருண்டும் தெரியும் என்பதால் மியூச்சுவல் இன்ஃபர்மேஷன்தான் (ஒரு படத்தின் பிரகாசம் மற்றதன் பிரகாசத்தைக் கணிக்க எவ்வளவு உதவுகிறது என்ற அளவு) பொருத்தத்துக்கு அளவுகோல். இடைக்கணிப்பு (புள்ளிகளுக்கு நடுவிலுள்ள மதிப்பைக் கணிப்பது) ஒவ்வொரு வோக்ஸலுக்கும், அதாவது முப்பரிமாணப் படப்புள்ளிக்கும், தனி வேலை, அது அருமையாக ஓடுகிறது.

சிக்கல் அந்த அளவுகோலைக் கணக்கிடத் தேவையான ஜாயின்ட் ஹிஸ்டோகிராமில், அதாவது இரு படங்களின் ஒவ்வொரு பிரகாச ஜோடியும் எத்தனை முறை வருகிறது என்ற அட்டவணையில். எக்கச்சக்க த்ரெட்கள் (இணையாக ஓடும் வேலைகள்) ஒரே கட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்ட வந்து, அட்டாமிக் ஆட்-டுக்காக (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே கூட்டும் முறை) வரிசையில் நிற்கின்றன. தலையைச் சுற்றிய காற்று மொத்தமும் ஒரே கட்டத்தில் விழுந்தது. மாஸ்க் போட்டு விலக்கியபின் கொஞ்சம் தேவலை.

ஹிஸ்டோகிராமுக்கு 64×64 கட்டங்கள், கட்டத்துக்கு 32 பிட் என்றால் 16 கிலோபைட். பிளாக்குக்கு (த்ரெட்களின் குழு) ஒரு நகலை ஷேர்டு மெமரியில் (அந்தக் குழுவுக்கான வேகமான சிறு நினைவகம்) வைத்து, கடைசியில் கூட்டினால் போதுமா? இல்லை, வோக்ஸல்களில் ஒரு பகுதியை மட்டும் எடுப்பது மேலா? அப்படிச் செய்தால் துல்லியம் குறையுமோ என்பதுதான் என் பெரிய கவலை. செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.