வர்க்கமூல அசமன்பாடு: விடையில் ஒரு பகுதி எங்கே விடுபடுகிறது?

கேள்வி:
√(ம² − 5ம + 4) > ம − 3 என்னும் அசமன்பாட்டைத் தீர்க்க முயல்கிறேன். (தமிழ் விசைப்பலகையில் எழுதுவதால் மாறியை 'ம' என்று குறித்துள்ளேன்.) இருபுறமும் வர்க்கப்படுத்தினால் ம² − 5ம + 4 > ம² − 6ம + 9 என்றாகி, ம > 5 என்று உடனே முடிந்துவிடுகிறது. ஆனால் விடைப் பகுதியில் 'ம ≤ 1 அல்லது ம > 5' என்று அச்சிட்டிருக்கிறார்கள். ம = 0 என்று இட்டுப் பார்த்தாலும் 2 > −3 என்று பொருந்தவே செய்கிறது. ம ≤ 1 என்னும் பகுதி எந்தப் படியில் விடுபட்டது?

மறுமொழி:
வர்க்கப்படுத்திய முதல் படியிலேயே விடுபட்டுவிட்டது. இருபுறமும் குறையற்ற எண்களாக இருந்தால்தான் வர்க்கப்படுத்திய பின்னும் பெரியது பெரியதாகவே இருக்கும். நீங்கள் இட்ட ம = 0 ஐயே பாருங்கள்: 2 > −3 மெய், ஆனால் வர்க்கப்படுத்தினால் வரும் 4 > 9 பொய்.

சார்பகத்திலிருந்து, அதாவது வர்க்கமூலத்துக்குப் பொருள் இருக்கும் ம மதிப்புகளிலிருந்து, தொடங்குங்கள். (ம − 1)(ம − 4) குறை எண்ணாகக் கூடாது என்பதால் ம ≤ 1 அல்லது ம ≥ 4. இனி, ம < 3 எனில் வலப்புறம் குறை எண். இடப்புறத்தில் உள்ள வர்க்கமூலமோ ஒருபோதும் குறை எண்ணாகாது. ஆகவே ம ≤ 1 முழுவதும் எந்தக் கணக்கும் போடாமலே தீர்வில் சேர்ந்துவிடுகிறது. ம ≥ 3 எனில் உங்கள் படிகள் அப்படியே செல்லும்.

மற்றொரு மறுமொழி:
இந்தக் கணக்கில் மட்டு மதிப்பும் (குறைக் குறியை நீக்கிய அளவு, | | என்று எழுதுவது) ஒளிந்திருக்கிறது. (ம − 3)² இன் வர்க்கமூலம் ம − 3 அன்று, |ம − 3| ஆகும். எனவே நீங்கள் உண்மையில் தீர்த்தது √(ம² − 5ம + 4) > |ம − 3| என்னும் வேறொரு கணக்கு. அதற்கு ம > 5 முற்றிலும் சரியான விடை. அங்கே சார்பகத்துக்குள் இருபுறமும் குறையற்றவை என்பதால் வகை பிரிக்க வேண்டியதே இல்லை. மட்டுக் குறியைக் கண்டதும் மாணவர்கள் மிரளுகிறார்கள். இங்கே அது இருந்தால்தான் வேலை எளிது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. குறி '<' என்று இருந்திருந்தால் ம < 3 என்னும் பகுதியை என்ன செய்வது?

மறுமொழி:
முழுவதையும் தள்ளிவிட வேண்டும், ஏனெனில் வர்க்கமூலம் ஒரு குறை எண்ணைவிடச் சிறியதாக இருக்க வழியில்லை. ம = 3 சார்பகத்திலேயே இல்லை. எஞ்சுவது ம ≥ 4. அங்கே வர்க்கப்படுத்தினால் ம < 5. எனவே தீர்வு 4 ≤ ம < 5. முனைகளை இட்டுச் சரிபாருங்கள்: ம = 4 எனில் 0 < 1, ஆகவே 4 சேரும்; ம = 5 எனில் இருபுறமும் 2, ஆகவே 5 சேராது.