‘பாஷ்’ என்ற சொல்லும் கப்பல் டிக்கெட் கதையும்

துறைமுகத்தான்:
‘பாஷ் ஏரியா’, ‘பாஷ் ஹோட்டல்’ என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்குக் கப்பலேறிய பணக்காரர்கள் வரும்போது இடப்பக்க அறையும் திரும்பும்போது வலப்பக்க அறையும் கேட்டு வாங்குவார்களாம். ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’ என்பதன் முதலெழுத்துகளான பி, ஓ, எஸ், எச் டிக்கெட்டில் முத்திரையாக விழுமாம். கிழக்கே போகும்போது இடப்பக்கம் வடக்கு, மேற்கே திரும்பும்போது வலப்பக்கம் வடக்கு; ஆக இரண்டு பயணத்திலும் வெயில் குறைவு. திசைக் கணக்கு பொருந்துவதால்தான் படித்தவர்களும் நம்புகிறார்கள். ஆனால் அப்படி முத்திரை விழுந்த டிக்கெட் ஒன்றைக்கூட இதுவரை யாரும் காட்டியதில்லை. பி அண்ட் ஓ கப்பல் நிறுவனத்தின் பழைய ஆவணங்களிலும் அதற்குத் தடயம் இல்லை.

அகராதிப்பித்தன்:
அண்ணன் சொன்னதோடு ஆண்டுகளையும் வரிசைப்படுத்திப் பாருங்கள், கதை தானாக உடையும். 1890 வாக்கில் பாரேர், லேலண்ட் இருவரும் தொகுத்த கொச்சைச்சொல் அகராதியில் ‘பாஷ்’ இருக்கிறது. காசு என்று ஒரு பொருள், திருடர் பேச்சில் பகட்டாக உடுத்துபவன் என்று இன்னொரு பொருள். 1918 செப்டம்பர் 25 ‘பஞ்ச்’ என்ற லண்டன் நகைச்சுவை இதழின் கேலிச்சித்திரத்தில் ஒரு விமானப்படை அதிகாரி இன்றைய பொருளிலேயே அதைச் சொல்கிறார். கப்பல் விளக்கம் அச்சில் தலைகாட்டுவதோ 1930களில்தான். சொல் பிறந்து பல பத்தாண்டு கழித்து வருகிற விளக்கத்தை எப்படி ஏற்பது?

காசு என்ற பொருளுக்கு நல்ல வேர் ஒன்று உண்டு. ஐரோப்பிய நாடோடி மக்களான ரோமாக்கள் பேசும் ரோமானி மொழியில் ‘பாஷ்’ என்றால் பாதி. அரைப் பென்னி நாணயத்தை அந்தச் சொல்லை வைத்தே குறித்தார்கள். காசிலிருந்து காசுள்ள பகட்டுக்காரனுக்கும், அவனிடமிருந்து பகட்டுக்கும் பொருள் நகர்ந்திருக்கலாம். ஆனால் இந்தப் படிகளை ஒன்றோடொன்று இணைக்கிற மேற்கோள் கையில் இல்லை. அதனால்தான் ஆக்ஸ்ஃபர்ட் அகராதி தோற்றம் உறுதியில்லை என்று நிறுத்திக்கொள்கிறது. அது நேர்மையான முடிவு.

பழைய இதழ்களில் நீங்களே தேடுவதானால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். கூகுள் புக்ஸ் பருவ இதழ்களுக்குப் பல நேரம் முதல் தொகுதியின் ஆண்டையே எல்லாத் தொகுதிக்கும் போட்டுவிடும். 1850 என்று காட்டுவது 1920ஆக இருக்கலாம். தலைப்புப் பக்கத்தின் படத்தைத் திறந்து ஆண்டைப் பார்க்காமல் எதையும் குறிக்காதீர்கள். அடுத்தது, ஆட்பெயர். உமர் கய்யாமை ஆங்கிலத்தில் தந்த ஃபிட்ஸ்ஜெரால்டின் 1860களின் கடிதங்களில் ‘பாஷ்’ திரும்பத் திரும்ப வரும். அது இங்கிலாந்தின் கடலோர ஊரான லோஸ்டாஃப்டைச் சேர்ந்த மீனவ நண்பர் ஒருவரின் பட்டப்பெயர். பெரிய எழுத்தில் தொடங்கினால் முன்னும் பின்னும் இரண்டு வரி படித்த பிறகே கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாசகன்:
முதலெழுத்துக் கதைகள் எல்லாமே பொய்தானா ஐயா? ‘ஓகே’ அப்படி வந்தது என்கிறார்களே?

அகராதிப்பித்தன்:
‘ஓகே’ மெய்தான் தம்பி. காரணம், ஆதாரம் அந்தக் காலத்திலேயே அச்சில் இருக்கிறது. 1839 மார்ச் 23 ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ இதழ் ‘ஓ.கே.’ என்று போட்டு, ‘ஆல் கரெக்ட்’ என்ற பொருளையும் கூடவே அச்சிட்டது. வேண்டுமென்றே ‘ஓல் கொரெக்ட்’ என்று தப்பாக எழுதி, அதைச் சுருக்குவது அந்த நகரப் பத்திரிகைகளின் அன்றைய விளையாட்டு. ‘ஆல் ரைட்’ என்பதை ‘ஓல் வ்ரைட்’ ஆக்கி ‘ஓ.டபிள்யூ.’ என்றும் எழுதினார்கள், அது செத்துப்போனது. ‘ஓ.கே.’ பிழைத்ததற்கு 1840 தேர்தல் பெரிய காரணம். அமெரிக்க அதிபர் வான் பியூரன் பிறந்த ஊர் கிண்டர்ஹுக். ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ என்ற அவர் பட்டப்பெயருக்கும் அதே எழுத்துகள் பொருந்தியதால் கட்சிக்காரர்கள் நாடெங்கும் முழங்கினார்கள். இதையெல்லாம் 1960களில் பழைய நாளிதழ்களைப் புரட்டி நிறுவியவர் அமெரிக்க மொழியறிஞர் ஆலன் வாக்கர் ரீட்.

துறைமுகத்தான்:
இந்தியத் தொடர்பு தேடுபவர்களுக்கு ‘பாஷ்’ வேண்டாம், ‘குஷி’ போதும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுலபமான வேலையை ஆங்கிலத்தில் ‘குஷி’ (cushy) என்றார்கள். ‘குஷன்’ மெத்தையிலிருந்து வந்தது என்பது வெறும் ஒலி மயக்கம். நாம் பேசுகிற அதே ‘குஷி’தான் அது, இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படை கொண்டுபோனது. ‘ப்ளைட்டி’யும் அப்படியே: சீமைக்கு உரியது என்ற பொருளுள்ள ‘விலாயதி’. 1886இல் வெளியான, இந்தியாவில் ஆங்கிலேயர் பேசிய சொற்களுக்கான ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியில் ‘விலாயதி பானி’ சோடாத் தண்ணீருக்குப் பெயராக இருக்கிறது. அகழிப் போரில் ‘ப்ளைட்டி’ என்றால் ஊருக்குத் திருப்பியனுப்பும் அளவுக்குப் பட்ட காயம்.