எரிமலை பக்கத்துல மரம் செடி பாத்தவங்க இருந்தா சொல்லுங்க, என்னோடத முதல்ல எழுதுறேன்

ரெண்டு வருஷம் முன்னாடி பசங்க லீவுல ஹவாய் பெரிய தீவுக்குப் போனோம். எல்லாரும் லாவா பாக்கணும்னு போனது, ஆனா எனக்கு இன்னைக்கும் கண்ணுல நிக்கிறது ஓஹியா மரம்தான். சிவப்புல பிரஷ் மாதிரி பூ, அதுக்குப் பேரு லெஹுவா.

கிலவேயா இக்கிங்கற எரிமலைப் பள்ளம் பக்கத்துல டெவஸ்டேஷன் டிரெயில்னு சின்ன நடைபாதை இருக்கு. 1959 நவம்பர்ல அங்க வெடிச்சப்ப லாவா 580 மீட்டர் உயரம் வரைக்கும் பீய்ச்சி அடிச்சுது, அதுல வந்த கருஞ்சாம்பலும் பொரிகல்லும் காட்டு மேல கொட்டி, இலை கிளை எல்லாம் போய் மரங்க பாதி உடம்பு புதைஞ்சு நின்னுச்சு. செத்ததுன்னு நினைச்சதுல பல ஓஹியா திரும்பத் துளிர்த்துச்சு. புதைஞ்ச தண்டுலயே புதுசா வேர் விட்டு, மேல விழுந்த அந்தப் பொரிகல்லயே மண்ணாக்கிக்கிச்சு. கந்தக வாயு வந்தா இலையில இருக்குற துளைய மூடிக்கும், வாயு போனதும் தொறக்கும். நாம மூக்கப் பொத்திக்கிற மாதிரிதான்.

அப்புறம் மௌனா உலு லாவா வெளிக்குப் போனோம், 1969ல இருந்து 1974 வரைக்கும் ஓடுன லாவா. தூரத்துல வெறும் கருப்பு. குனிஞ்சு பாத்தா பாறை மேல சாம்பல் கலர்ல லைக்கன் (பாசியும் பூஞ்சையும் சேந்து வாழ்றது), விரிசல்ல பெரணி, அது பக்கத்துல முழங்கால் உயர ஓஹியா, அதுலயும் பூ! விதை தூசி மாதிரி இருக்கும், காத்துல பறந்து வந்து விரிசல்ல கொஞ்சம் ஈரம் இருந்தாலே பிடிச்சுக்கும். புது லாவால வளர்ற மரத்துக்கு இலைக்கு அடியில மெத்துனு ரோமம் இருக்கும், பழைய மழைக்காட்டுல அதே இனம் வழுவழுன்னு இருக்கும். நான் ரெண்டையும் தொட்டுப் பாத்தேன், ஒரே மரம்னு நம்பவே முடியல.

பூவப் பறிச்சா மழை வரும்னு அங்க நம்பிக்கை, என் பொண்ணு கைய நீட்டிட்டு இழுத்துக்கிட்டா.

அக்கா, நான் பாத்தது கேனரி தீவுல, லா பால்மா. வேலைக்காக ஸ்பெயின் வந்தவன், 2022 கோடையில போனேன். அங்க 2021 செப்டம்பர் 19ல ஆரம்பிச்சு 85 நாள் எரிமலை ஓயல, எத்தனையோ வீடு லாவாக்கு அடியில போயிடுச்சு, அந்த இடத்துல நிக்கவே கஷ்டமா இருந்துச்சு. பைன் மரம்லாம் வாயு பட்டு மஞ்சளாகி ஊசியிலை கொட்டிப் போயிருந்துச்சு, தரை முழுக்க கருப்பு மணல் மாதிரி சாம்பல். ஆனா தண்டுலயே அங்கங்க குச்சம் குச்சமா பச்சைத் துளிர், அப்படியே நின்னுட்டேன். சாதாரணமா பைன் எரிஞ்சா திரும்பத் துளிர்க்காது, இது துளிர்க்கும், பட்டை அவ்ளோ தடிமன், உள்ள மொட்டு பத்திரமா இருக்கு. பைன் காட்டுக்குக் கீழ ஈரமான பக்கத்துல ஃபாயான்னு ஒரு மரமும் நிறைய பாத்தேன், அத பத்தி யாராவது தெரிஞ்சா சொல்லுங்க.

தம்பி, ஃபாயாவா! அந்த மரம்தான் ஹவாய்ல ஓஹியாக்குப் பெரிய தொல்லை. உங்க பக்கத்துத் தீவுங்கள்ல இருந்து போர்ச்சுகீசியர் 1800கள் கடைசியில கொண்டு வந்ததாம். வேர்ல இருக்குற நுண்ணுயிர வச்சு காத்துல இருந்து நைட்ரஜன் எடுத்துக்கும், அதனால சத்தே இல்லாத புது லாவால கூட சரசரன்னு வளந்துடும். ஓஹியா சத்து இல்லாத இடத்துல மெதுவா வளரப் பழகுனது, அதுக்கு நிழல் போட்டு அமுக்கிடுது. உங்க ஊர்ல சொந்தக்காரனா இருக்குற மரம் அங்க போய் இப்படிப் பண்ணுதுன்னு நினைச்சா ரெண்டு மரத்து மேலயும் கோவப்பட முடியல எனக்கு.

இன்னொன்னு, இப்ப ஓஹியாவ ஒரு பூஞ்சை நோய் கொன்னுட்டு இருக்கு, லட்சக்கணக்குல போயிடுச்சு. மரத்துல ஒரு காயம் பட்டா போதும், உள்ள போயிடும். எரிமலைக்கு மூச்சடக்கத் தெரிஞ்ச மரத்துக்கு இதுக்கு வழி தெரியல. காட்டு வாசல்ல பிரஷ்ஷும் ஸ்பிரேயும் வச்சிருப்பாங்க, யாரு போனாலும் ஷூ அடியில இருக்குற மண்ண நல்லா தேச்சு எடுத்துட்டு, ஸ்பிரே அடிச்சுட்டு உள்ள போங்க, திரும்பி வரப்பவும் அதே மாதிரி பண்ணுங்க. ரெண்டு நிமிஷ வேலைதான்.