சுசீந்திரம் விடுதியிலிருந்து வடசேரி ஹோட்டலுக்குக் குளத்தங்கரை வழியாக நடக்கலாமா?

பொன்னி, திருச்சி:

வணக்கம். நாகர்கோவில் பக்கத்தில் இருப்பவர்கள் வழி சொல்ல வேண்டும்.

தை கடைசியில் என் கொழுந்தனுக்கு நாகர்கோவிலில் கல்யாணம். தாணுமாலயனைக் கும்பிடாமல் மண்டபத்துக்குள் கால் வைப்பதில்லை என்று மாமியார் வேண்டிக்கொண்டிருக்கிறார். அதனால் முதல் நாள் இரவு சுசீந்திரத்தில், கோயிலுக்குப் பக்கத்து விடுதியில் தங்குகிறோம். மறுநாள் வடசேரியில் மண்டபத்துக்கு அருகில் இருக்கும் ஹோட்டலுக்கு மாற வேண்டும். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கார் முன்னால் போய்விடும். மாலை நிச்சயதாம்பூலம் வரை எங்களுக்கு வேலை எதுவும் இல்லை.

பெண்ணின் தாத்தா போனில் பேசும்போது, சிறுவயதில் தேரூர்க் குளத்தங்கரை வழியாக நடந்தே நாகர்கோவில் போய்ப் படம் பார்த்ததைச் சொன்னார். என் மகளுக்குப் பத்து வயது. பார்க்கிற பறவைகளை எல்லாம் நோட்டில் வரைந்து வைக்கிறவள். அதைக் கேட்டதிலிருந்து, அந்த விடுதியிலிருந்து இந்த ஹோட்டலுக்கு நடந்துதான் போக வேண்டும் என்று நிற்கிறாள். எனக்கும் ஆசைதான். அந்த வழி இப்போதும் இருக்கிறதா? குழந்தையோடு நடக்க முடியுமா? எப்போது புறப்பட வேண்டும்?

வடசேரிக்காரன்:

நெடுஞ்சாலை வழியாக வந்தால் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் குழந்தையைக் கூட்டிக்கொண்டு அதில் நடக்கவே வேண்டாம். லாரியும் பஸ்ஸும் விடாமல் போகிற சாலை, ஒதுங்கவும் இடம் இருக்காது. தேரூர் சுற்றி வந்தால் தூரம் நன்றாகக் கூடும், ஆனால் மனம் நிறைய நடக்கலாம். நடுவில் பிள்ளைக்குக் கால் வலித்தால் தேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஏறி அண்ணா பஸ் நிலையத்துக்கு வந்துவிடலாம். மற்றதை நம் லஸ்கர் அண்ணாச்சி எழுதுவார். அந்தக் கரையில் அவருக்குத் தெரியாத புல் கிடையாது.

பழைய லஸ்கர்:

மக்களே, நான் பாசனக் கால்வாயில் 31 வருடம் லஸ்கர் வேலை பார்த்தவன். மடையையும் ஷட்டரையும் திறந்து மூடுவதும், சானல்கரையில் உடைப்பு இருக்கிறதா என்று டார்ச் லைட்டோடு நடப்பதும்தான் என் பிழைப்பாக இருந்தது. நீங்கள் கேட்கிற வழி எனக்கு வீட்டு முற்றம் மாதிரி. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காலை ஆறேகாலுக்கு விடுதியை விட்டு இறங்கிவிடுங்கள். தையில் அப்போதுதான் இருட்டு பிரியும். ஏழு நிலைக் கோபுரம் தெப்பக்குளத்துத் தண்ணீரில் தலைகீழாக நிற்பதைப் பார்த்துவிட்டு, பழையாற்றுப் பாலத்துக்குப் போய் ஆற்றையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. நடையை முடிக்கும்போது ஒழுகினசேரியில் இதே ஆற்றைத்தான் தாண்டுவீர்கள். இது வடக்கே மலையிலிருந்து இறங்கி, ஒழுகினசேரி, சுசீந்திரம் என்று வந்து மணக்குடியில் கடலில் சேர்கிறது. நீங்கள் ஆற்றுக்கு எதிர்முகமாக நடக்கப் போகிறீர்கள்.

பிறகு தேரூர்ச் சாலையைக் கேட்டுத் திரும்புங்கள். இரண்டு பக்கமும் வயல். நீங்கள் வரும் சமயம் கும்பப்பூ சாகுபடி கதிர் சாய்ந்து நிற்கும், சில பத்துகளில், அதாவது வயல்வெளிகளில், அறுவடையும் தொடங்கியிருக்கும். எங்கள் நாஞ்சில் நாட்டில் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல்: கன்னிப்பூ, கும்பப்பூ. ஜூன் 1ஆம் தேதி பேச்சிப்பாறை அணை திறந்தால் பிப்ரவரி கடைசி வரை சானலில் தண்ணீர் வரும், இதுதான் வழக்கம். அந்த அணையை 1906இல் கட்டி முடித்தார்கள். ஆனால் இந்தக் குளங்கள் அதற்கு எவ்வளவோ முந்தியவை. அணைத் தண்ணீர் பிந்துகிற வருடத்தில் பயிரைக் காப்பாற்றியவை இவைதான். மக்கள் இதை மறந்து வருகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம்.

தேரூர்க் கரையில் ஏறியதும் அவசரப்படாதீர்கள். முழு வழியில் பாதி நேரத்தை இங்கேயே செலவழியுங்கள். வடக்கே பார்த்தால் தாடகை மலை, ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பது போலவே இருக்கும். பிள்ளைக்குக் காட்டுங்கள். குளத்துக்குள் பெரும்பங்கு தாமரை. ஏழு மணிக்குள் போனால் பூ பறிப்பவர்களைப் பார்க்கலாம்.

மடை வந்ததும் வயல் பக்கம் இறங்கிக் குனிந்து நில்லுங்கள். கரைக்கு அடியில் தண்ணீர் வருகிற சத்தம் கேட்கும், பானைக்குள் யாரோ பேசுவது போல. அது வெளியே கக்குகிற இடத்தில் விரல் நீளக் கெண்டைகள் தண்ணீரை எதிர்த்து அசையாமல் நிற்கும். நான் பணியில் சேர்ந்த முதல் வாரம், என் மூத்தவர் என்னை அங்கே உட்கார வைத்துக் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னார். சத்தத்தை வைத்தே மடை எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆனது.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். தண்ணீர்ப் பக்கச் சரிவில் இறங்கக் கூடாது. ஓர் ஐப்பசி மழையில், இரவு ஒன்றரை மணி இருக்கும், வேறொரு குளத்துக் கரையில் வெளிப்பக்கம் நூல் மாதிரி தண்ணீர் கசிவதைப் பார்த்தேன். பகலில் பார்த்திருந்தால் அலட்சியம் செய்திருப்பேன். கையை வைத்துப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர் என்றால் பயம் இல்லை, கலங்கி வந்தது. கரைக்குள்ளிருந்து மண்ணைக் கொண்டுவருகிறது என்று அர்த்தம். ஒரு நண்டு வளைதான் காரணம். ஊருக்குள் ஓடிக் கதவு கதவாகத் தட்டினேன். வைக்கோல், தென்னோலை, மணல் மூட்டை என்று கையில் கிடைத்ததோடு நாற்பது பேர் வந்தார்கள். விடியும்போது ஒன்றரை ஆள் உயரத்துக்குக் கரை சரிந்திருந்தது, ஆனால் உடையவில்லை. கீழே அவ்வளவும் நட்டு ஒரு மாதமான பயிர். அன்றைக்கு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து குடித்த, பால் விடாத கட்டஞ்சாயாவின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அதனால் சரிவில் புல் பெயராமல் பாருங்கள், சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கரையில் விடாதீர்கள். அது எலியைக் கூப்பிடும், எலி வளை தோண்டும்.

தேரூரில் சாயா குடிக்கலாம், மட்டிப்பழம் வாங்கிக்கொள்ளலாம். கவிமணி 1876இல் பிறந்த ஊர் இது. அங்கிருந்து ஒழுகினசேரி வரை வெயில் ஏறிவிடும், ஆகவே குடையும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். நின்று நிதானமாக வந்தால் மொத்தம் மூன்றரை மணி நேரம்.

நத்தைகுத்தி:

அண்ணாச்சி சொன்னதற்கு மேல் பாதையைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. மகளுக்காகச் சில வரிகள்.

சுசீந்திரம், தேரூர் குளங்களைச் சேர்த்து 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏற்றினார்கள், சுமார் 94 ஹெக்டேர். தையில் வலசை வந்த ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இருக்கும் காலம். ஆண்டு முழுவதும் இருப்பவற்றில் நீலத் தாழைக்கோழியை எளிதாக அடையாளம் காணலாம்: ஊதா நீல உடம்பு, சிவந்த அலகும் நெற்றியும். பாம்புத்தாரா குச்சியில் உட்கார்ந்து சிறகை விரித்து உலர்த்தும். நத்தைகுத்தி நாரையின் அலகை மூடியிருக்கும்போது வரையச் சொல்லுங்கள், நடுவில் ஓர் இடைவெளி தெரியும்.

தாமரை இலைமேல் நடந்துகொண்டு ஒன்று வரும், நீளவால் இலைக்கோழி. புத்தகத்தில் இருக்கும் நீண்ட வாலைத் தேடினால் ஏமாற்றமாக இருக்கும். குளிர்காலத்தில் அந்த வால் உதிர்ந்துவிடும். கால்விரல்களைப் பாருங்கள், உடம்புக்குப் பொருந்தாத நீளம். பாரம் பரவுவதால்தான் இலை அமிழ்வதில்லை. பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கைதட்டிக் கலைக்க வேண்டாம். இரை தேடுகிற நேரம் அது.

பொன்னி, திருச்சி:

மூவருக்கும் மிக்க நன்றி. ஐயா, மகளுக்கு ஒரு தாமரை பறித்துக் கொடுக்கலாமா?

பழைய லஸ்கர்:

பறிக்க வேண்டாம் மக்களே. பூ பறிப்பவர்கள் குத்தகைக்கு எடுத்துப் பிழைக்கிறவர்கள், தோவாளைச் சந்தைக்குப் போகிற பூ அது. கரையேறும்போது கேளுங்கள், காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். தண்டைப் பிடிக்கும்போது பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள், முள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும்.

பொன்னி, திருச்சி:

நேற்றுத்தான் ஊர் திரும்பினோம். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நடையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆறேகாலுக்குப் புறப்பட நினைத்தோம். விடுதியில் கதவைத் திறந்துவிட ஆள் எழுந்து வருவதற்குள் ஆறே முக்கால் ஆகிவிட்டது. கரையில் ஏறியபோது வெயில் வந்துவிட்டது, ஆனாலும் பூ பறிப்பவர் ஒருவரைப் பார்த்தோம். தெர்மாகோல் பலகையைச் சாக்கில் கட்டி அதன்மேல் குப்புறப் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு வந்தார். முன்கை முழுவதும் வெள்ளை வெள்ளையாகக் கீறல். பத்து ரூபாயை நீட்டியதற்கு வாங்கிக்கொள்ளாமல், மகளின் கையில் இரண்டு மொட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இலைக்கோழியை அவள் நான்கு பக்கங்களில் வரைந்திருக்கிறாள். மூன்றில் வெறும் கால்விரல்தான். மாமியார் தேரூரில் காரை நிறுத்திக் காத்திருந்தார், கடைசிப் பகுதியை எங்களோடு நடந்தே வந்தார். மட்டிப்பழச் சீப்பு ஒழுகினசேரி வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

மடையில் குனிந்து கேட்டோம் ஐயா. பானைக்குள் பேசுகிற சத்தம் கேட்டது. மகள் எழுந்திருக்கவே இல்லை. அப்போதுதான் அவள் ஒன்றைக் காட்டினாள். மடையைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு அடியில், வயல் பக்கச் சரிவில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை, சுற்றிலும் மண் ஈரமாக இருந்தது. மழை பெய்யவில்லை. படம் எடுத்து வைத்திருக்கிறேன். இதை யாரிடம் சொல்ல வேண்டும்?

பழைய லஸ்கர்:

படத்தை உடனே இங்கே போடுங்கள். கசிந்த தண்ணீர் தெளிவாக இருந்ததா, கலங்கலா என்று பிள்ளையிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

பொன்னி, திருச்சி:

படம் போட்டுவிட்டேன். தண்ணீர் ஓடவில்லை, ஈரம் மட்டும்தான் என்கிறாள். பக்கத்தில் சின்னச் சின்ன மண் உருண்டைகள் இருந்தனவாம்.

பழைய லஸ்கர்:

மண் உருண்டை என்றால் நண்டுதான். மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். படத்தில் பார்த்த இடத்திலேயே இருந்தது. மண்வெட்டியால் அரை அடி வெட்டி, களிமண் உருட்டிப் போட்டு மிதித்திருக்கிறேன். அங்கே வயல் வைத்திருக்கும் இரண்டு பேரிடமும், இப்போது பணியில் இருக்கும் தம்பியிடமும் சொல்லியாயிற்று. காலையில் இன்னொரு தடவை போய்ப் பார்க்கிறேன்.