வீடு மாறுகிறோம்: ஆள் வைப்பதா, நாமே தூக்குவதா?

மூன்றாவதுமாடி:
அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். இப்போது இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. புது வீடு 40 கிலோமீட்டர் தள்ளி, முதல் மாடி. நாங்கள் மூன்று பேர். கட்டில் இரண்டு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, ஒரு சோபா, துணி வைக்கும் மர அலமாரி ஒன்று, தாத்தா காலத்து இரும்புப் பீரோ ஒன்று, அப்புறம் என்னுடைய புத்தகங்கள். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் இரண்டு பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் சொன்னதில் பாதியைத்தான் இன்னொருவர் சொல்கிறார். பேசாமல் ஒரு வேனைப் பிடித்து, நண்பர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு நாமே ஏற்றி இறக்கினால் மிச்சம்தானே என்கிறேன். வீட்டம்மா ஒப்புக்கொள்ளவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வேன்பிடி:
நாமேதான். இதில் என்ன யோசனை? இதுவரை ஆறு வீடு மாறியிருக்கிறேன், ஆறும் சொந்தக் கையால்தான். அட்டைப்பெட்டியைக் காசு கொடுத்து வாங்கவே வாங்காதீர்கள். கடைகளில் சரக்கு இறங்கும் நாளில் போய்க் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். பபிள் கவரும் வேண்டாம். எப்படியும் துணியை எடுத்துப் போகத்தானே போகிறோம்? தட்டுக்கு நடுவே துண்டு, டம்ளருக்குள் காலுறை, ஜாடியைச் சுற்றிப் போர்வை. தட்டுகளைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக அடுக்குங்கள், உடைவது குறையும். புத்தகத்துக்குச் சக்கரம் வைத்த சூட்கேஸ். நண்பர்களுக்கு வயிறு நிறையச் சாப்பாடு. முடிந்தது.

கணக்குநோட்டு:
ஆறு வீடு மாறினீர்கள் சரி, எத்தனை நண்பர்கள் மிச்சம்?

நானும் இப்படித்தான் ஒருமுறை மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். டிவியை மெத்தைமேல் படுக்க வைத்தால் ஆடாமல் வரும் என்று ஒரு நண்பன் சொன்னான். மெத்தைமேல் டிவி, டிவிமேல் இன்னொரு மெத்தை. இறக்கி மாட்டி ஸ்விட்சைப் போட்டால் திரையின் ஒரு மூலையிலிருந்து சிலந்தி வலை மாதிரி விரிசல். தட்டை டிவியை நிற்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த நண்பனிடம் காசு கேட்க முடியுமா? வேனில் மிச்சம் பிடித்ததைப்போல மூன்று மடங்கு அந்தத் திரைக்கே போய்விட்டது. இரண்டு நாள் லீவு, முதுகுவலி மாத்திரை, நாலு பேர் சாப்பாடு எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஆள் வைப்பதுதான் மலிவு.

வேன்பிடி:
டிவியைப் படுக்க வைத்தது உங்கள் தப்பு, முறையின் தப்பு இல்லை.

லோடுமேன்:
மூவர்ஸ் கம்பெனியில் 11 வருடம் தூக்கியவன். இப்போது வேறு வேலை, அதனால் யாருக்கும் ஆள் பிடிக்க வரவில்லை.

தம்பி, அந்தப் பாதி விலைக்காரர் வீட்டுக்கு வந்து பார்த்தாரா, போனிலேயே சொன்னாரா? போனில்தான் என்றால் அது விலையே இல்லை. எங்களுக்கு முக்கியமாக நாலு கணக்கு: வண்டியில் எவ்வளவு இடம் அடைக்கும், எத்தனை ஆள், எத்தனை படி, வாசலிலிருந்து வண்டி நிற்கும் இடம் எவ்வளவு தூரம். இந்தக் கடைசி இரண்டையும் போனில் கேட்க மாட்டார்கள். சாமானை ஏற்றி முடித்த பிறகு, "மூணாவது மாடின்னு சொல்லவே இல்லையே சார்" என்று ஆரம்பிப்பார்கள். மாடிக்கூலி, தூரக்கூலி, கட்டில் கழற்றுகிற கூலி, காத்திருந்த கூலி. உங்கள் சாமான் அவர்கள் வண்டியில் இருக்கிறது. நீங்கள் என்ன பேரம் பேசுவீர்கள்?

ஆகவே நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சாமானின் பெயரும், மாடியும், எது சேர்ந்தது எது சேராதது என்பதும் எழுத்தில் வரட்டும். மாதக் கடைசியிலும் வாரக் கடைசியிலும் எல்லோரும் மாறுவார்கள். மாத நடுவில் ஒரு செவ்வாயோ புதனோ கேட்டால் அதே ஆள் இறங்கி வருவார்.

வேன்பிடி:
நீங்களே சொல்லிவிட்டீர்கள், நம்ப முடியாதவர்கள் என்று. இதற்குமேல் நான் என்ன சொல்ல?

லோடுமேன்:
நான் சொன்னது மலிவு விலைக்காரனைப் பற்றி. உங்கள் முறையிலும் ஓட்டை இருக்கிறது. சும்மா கிடைக்கும் அட்டைப்பெட்டியின் அடிப்பக்கம் பெரும்பாலும் நைந்து போயிருக்கும். படியில் இறங்கும்போது அடி பிரிந்தால் மேலே பிடித்துப் பிரயோஜனம் இல்லை. புத்தகமா? எல்லாப் பக்கமும் 30 சென்டிமீட்டர் உள்ள பெட்டியில் புத்தகம் அடைத்தால் 15, 20 கிலோ வரும். அதுவே 45 சென்டிமீட்டர் பெட்டி என்றால் கொள்ளளவு மூன்று மடங்குக்கும் மேல், 50 கிலோவைத் தாண்டும். நிறையப் பேர் இதை யோசிப்பதே இல்லை, பெரிய பெட்டி கிடைத்த சந்தோஷத்தில் நிரப்பிவிடுகிறார்கள். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, தலையணைக்குப் பெரிய பெட்டி.

இன்னொன்று, நீங்களே கட்டிய பெட்டிக்குள் ஏதாவது உடைந்தால் பெரும்பாலான கம்பெனிகள் பொறுப்பேற்காது. உடையாத சாமானை நீங்கள் கட்டுங்கள், உடைவதை அவர்களிடம் விடுங்கள். அதுதான் மிச்சம்.

எடைக்குப்போடு:
யார் தூக்குவது என்று இத்தனை பேர் சண்டை போடுகிறீர்கள். எதைத் தூக்குவது என்று யாரும் கேட்கவில்லையே. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

அந்த மர அலமாரி உண்மையான மரமா, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையா? பலகை என்றால் இங்கேயே விற்றுவிடுங்கள். என்னுடையதைக் கழற்றி, திருகாணிகளை ஒரு கவரில் போட்டு, எந்த ஓட்டைக்கு எது என்று பென்சிலால் எண் போட்டு, அவ்வளவு பக்குவமாகத்தான் கொண்டுபோனேன். திரும்ப மாட்டினால் திருகாணி சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவே இல்லை. ஓட்டைக்குள் விரலை விட்டால் மாவு மாதிரி தூள் கொட்டியது. ஒரு வாரத்தில் கதவு தொங்கிவிட்டது. அதற்கு ஏற்றுகூலி, இறக்குகூலி, தச்சர் கூலி எல்லாம் கொடுத்தேன், கடைசியில் குப்பைக்குப் போடவும் ஒரு கூலி.

புத்தகங்களையும் கொஞ்சம் பாருங்கள். போன தடவை மாறியபோது கட்டிய பெட்டி இன்னும் பிரிக்காமலே இருந்தால், அதைத் திறந்து பார்க்காமலே கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

மூன்றாவதுமாடி:
பிரிக்காத பெட்டி மூன்று இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் கை வைக்காதீர்கள் ஐயா.

கணக்குநோட்டு:
எடைக்குப்போடு சொல்வதில் பாதிக்குத்தான் என் ஓட்டு. விற்கும்போது நம் பொருளுக்குக் கிடைப்பது சொற்பம், புதிதாக வாங்கும்போது முழு விலை. "அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம்" என்று நான் விட்டுவிட்டுப் போன சாமான்களை முதல் வாரத்தில் அவசரத்துக்குக் கிடைத்த கடையில், கேட்ட விலைக்கு வாங்கினேன். வாளி, துடைப்பம், திரைச்சீலை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாமே. விற்பதற்கு முன் புது விலையையும் தூக்குகூலியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வாஷிங் மெஷின் மாதிரி சாமான் எப்போதும் தூக்கிப்போகத்தான் லாபம்.

மூன்றாவதுமாடி:
வாஷிங் மெஷின் என்றதும் ஞாபகம். முன்பக்கம் கதவு உள்ள வகை. அதற்கு ஏதோ போல்ட் உண்டாமே?

லோடுமேன்:
உண்டு. வாங்கியபோது பின்பக்கம் மூன்றோ நாலோ நீளமான போல்ட் இருந்திருக்கும், கழற்றிப் பையில் போட்டுக் கொடுத்திருப்பார்கள். உள்ளே டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. போல்ட் இல்லாமல் 40 கிலோமீட்டர் குலுங்கினால் அது இடித்துக்கொண்டே வரும். பையைத் தேடுங்கள், புது வீட்டில் மெஷினைப் போடுமுன் மறக்காமல் கழற்றுங்கள். குழாயிலும் அடியிலும் தேங்கிய தண்ணீரை முதல்நாளே வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டியில் மெத்தை நனையும்.

ஃபிரிட்ஜை முதல்நாளே அணைத்துக் காலி செய்து, நிற்க வைத்தே கொண்டுபோங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரெஸர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். வேறு வழியில்லாமல் சாய்க்க நேர்ந்தால், இறக்கிச் சில மணி நேரம் நிற்க விட்டு அப்புறம் ஸ்விட்சைப் போடுங்கள்.

சாவிக்கொத்து:
யாரும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாடகை எத்தனை நாள்? இரண்டு வாரம் என்றால் அரை மாத வாடகை. வேன் கூலியில் பிடிக்கும் மிச்சம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. காலி செய்கிற நாளில் மின்சார மீட்டர், தண்ணீர் மீட்டர் இரண்டையும் போட்டோ எடுங்கள். காலியான ஒவ்வொரு அறையையும் சுவரோடு சேர்த்து எடுங்கள். போன வீட்டில் எனக்கு முன்பே இருந்த சுவர் ஓட்டைகளுக்கு என் அட்வான்ஸில் பிடித்தார்கள். குடிவந்த அன்று எடுத்த போட்டோ என்னிடம் இல்லை, வாயை மூடிக்கொண்டு வந்தேன். புது வீட்டிலும் சாமான் இறக்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.

வேன்பிடி:
இது நியாயம். ஆனால் ஒரு வாரம் இரண்டு வீடும் கையில் இருந்தால் தினமும் ஆபீஸ் முடிந்து காரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோகலாமே? சின்ன வேன் போதும்.

கணக்குநோட்டு:
போக வர 80 கிலோமீட்டர். ஆறு நடை என்றால் 480. எரிபொருள் யார் போடுவது?

வேன்பிடி:
சரி, அந்த 40 கிலோமீட்டரை மறந்துவிட்டேன். பக்கத்துத் தெருவுக்கு என்றால் நான் சொன்னதுதான்.

மூன்றாவதுமாடி:
எல்லோருக்கும் நன்றி. வீட்டம்மாவிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். ஃபிரிட்ஜ், மெஷின், பீரோ, சோபா, கட்டில் ஐந்துக்கும் ஆள், பாத்திரம் கண்ணாடியும் அவர்களே கட்டட்டும். துணியும் புத்தகமும் நான். அந்தப் பாதி விலைக்காரரை நேரில் வரச் சொன்னேன், வந்து பார்த்துவிட்டு விலையை ஏற்றிவிட்டார். அலமாரி பலகைதான், போட்டோ எடுத்து விற்பனைக்குப் போட்டாயிற்று.

ஒரே ஒரு சிக்கல். டேப்பை வைத்து அளந்தால் புது வீட்டுப் படுக்கையறை வாசலைவிடப் பீரோ 2 சென்டிமீட்டர் அகலம்.

எடைக்குப்போடு:
விற்றுவிடுங்கள்.

லோடுமேன்:
விற்காதீர்கள். கதவைத் திறந்து வைத்துத்தானே அளந்தீர்கள்? கீலில் இருந்து கதவையே கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். கதவின் கனம் மூன்று, நாலு சென்டிமீட்டர் இருக்கும், அவ்வளவு இடம் கிடைக்கும்.